வாடகை வண்டியில் ஐந்தாவது சுற்று

மார்ச் 4, செவ்வாய்

என் காரின் கிளட்ச் போய்விட்டது. மருத்துவமனை வாசலில், காலை ஷிப்டுக்கு ஊரே வந்துகொண்டிருக்கும் நேரம் பார்த்து, நட்டநடுவில் நின்று மானத்தை வாங்கியது. காவலாளியும் ஆம்புலன்ஸ் ஓட்டும் அண்ணனும் தள்ளி ஓரமாக விட்டார்கள். "ஞாயித்துக்கிழமை அந்த விரட்டு விரட்டினா செவ்வாய்க்கிழமை இப்படித்தான் உக்காந்துக்கும் தங்கச்சி" என்றார் அண்ணன். அவரும் அதே விரட்டு விரட்டுகிறவர்தான். என்னை இந்தக் கூம்புப் பைத்தியத்தில் இழுத்துவிட்டதே அவர்தான்.

மெக்கானிக் படுத்துப் பார்த்து, எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சாமான் வர நாலு வாரம் ஆகும்."

இருபத்து மூன்றாம் தேதி ஐந்தாவது சுற்று. கடைசிச் சுற்று. நாலு வாரமாம்!

மார்ச் 6, வியாழன்

நான் படம் எடுக்கும் எக்ஸ்ரே அறையில் இன்று கூட்டம் இல்லை. உட்கார்ந்து யோசித்தேன். இதற்கு ஏன் இப்படித் துடிக்கிறேன்?

வெளியே சொன்னால் சிரிப்பார்கள். மொத்தச் சந்தையின் வண்டி நிறுத்துமிடம், ஞாயிறு அன்று காலி. அதில் ரப்பர் கூம்புகளை நட்டு, வளைந்து நெளிந்து ஒரு பாதை போடுகிறார்கள். ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர். யாரும் யாரையும் முந்துவதில்லை, கடிகாரம்தான் எதிரி. ஒரு கூம்பைத் தள்ளினால் இரண்டு வினாடி தண்டம். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் அந்த ஐம்பது வினாடியில் எனக்கு வீடு, வேலை, முழங்கால் வலி எதுவும் ஞாபகத்தில் இருப்பதில்லை.

புதுமுகப் பிரிவில் நாலு சுற்று முடித்து மூன்றாம் இடத்தில் இருக்கிறேன். ஐந்து சுற்றையும் முடித்தவர்களுக்கு மட்டும்தான் வருடப் பட்டியலில் இடம். எனக்கு வயது நாற்பத்து மூன்று. கடைசியாக ஒரு பட்டியலில் என் பெயர் மேலே வந்தது எட்டாம் வகுப்பில், கையெழுத்துப் போட்டிக்காக.

மார்ச் 7, வெள்ளி

அண்ணனிடம் அவர் வண்டியைக் கேட்கலாமா? சீ. அதே நாளில் அவரும் ஓட்ட வேண்டுமே. நான் கேட்டு அவர் முகம் சுருங்கினால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது.

மார்ச் 14, வெள்ளி

மதியச் சாப்பாட்டு வேளையில், நாமே ஓட்டிக்கொள்ள வண்டியை வாடகைக்குத் தரும் ஒரு கம்பெனியின் ஒப்பந்தத்தை போனில் முழுக்கப் படித்தேன். பதினான்காவது நிபந்தனை: பந்தயம், வேகப் போட்டி, நேரப் போட்டி, அவற்றுக்கான பயிற்சி எதற்கும் வண்டியைப் பயன்படுத்தக் கூடாது. மீறினால் காப்பீடு செல்லாது. வண்டிக்கு ஆகும் சேதம், பிறருக்கு ஆகும் சேதம், பழுது பார்க்கும் நாட்களுக்கான வாடகை எல்லாமே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் தலையில். ஓட்டியது யாராக இருந்தாலும்.

நேரப் போட்டி என்று அந்தச் சொல்லையே போட்டிருக்கிறார்கள். யாரோ எனக்கு முன்னாலேயே கூம்பைச் சுற்றியிருக்கிறார்கள்.

கையெழுத்துப் போட வேண்டியவர் இவர், என் வீட்டுக்காரர். கிரெடிட் கார்டு வைத்திருப்பவர் பேரில்தான் கொடுப்பார்களாம். என்னிடம் கார்டு இல்லை.

ஆனாலும் ரப்பர் கூம்புதானே? மூன்றே ஓட்டம். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்கூட இல்லை. மூன்று நிமிடத்தில் என்ன முழுகிவிடப் போகிறது? திங்கட்கிழமை கழுவித் துடைத்துக் கொடுத்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

படிக்காமல் செய்தால் தப்பு. படித்துவிட்டுச் செய்தால்? அதற்குப் பேர் என்ன?

மார்ச் 17, திங்கள்

அண்ணனிடம் "வண்டி ஏற்பாடு பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டேன். வாயை விட்டாயிற்று.

மார்ச் 21, வெள்ளி

இவரைக் கூட்டிக்கொண்டு வாடகை அலுவலகம் போனேன். இரண்டு மேசை, ஒரு பிளாஸ்டிக் செடி. அக்கா வீட்டுக்குப் போகணும், வேலைக்கும் போய் வர வேண்டும், மூன்று நாளைக்கு என்று இவரிடம் சொல்லியிருந்தேன். அக்கா வீட்டுக்கும் போவேன்தான். பொய் இல்லை. பாதிதான் பொய்.

இவர் கணக்கு வாத்தியார். ஷாம்பு பாட்டிலின் பின்பக்கத்தைக்கூட விடாமல் வாசிக்கிறவர். ஒப்பந்தம் ஆறு பக்கம். மூக்குக் கண்ணாடியைத் தேடினார். வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

"நீ படிச்சியா?"

"படிச்சேன்."

"அப்ப சரி" என்று ஆறு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்.

மேசையில் இருந்த பெண் மனப்பாடமாக ஒப்பித்தாள்: "கட்டி இழுக்கறது, டிரைவிங் பழகறது, ரேஸ், இதுக்கெல்லாம் எடுத்தா இன்ஷூரன்ஸ் கிடையாதுங்க." இவர் சிரித்தார். "ரேஸெல்லாம் இவங்க சொந்த வண்டியிலதாங்க ஓட்டுவாங்க. மூணாவது இடம், தெரியுமா?" என்றார், என்னமோ நான் ஒலிம்பிக் போனது மாதிரி.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒருநாளும் போட்டி பார்க்க வராத மனிதர். "கூம்பைச் சுத்தறதுக்கு எதுக்கு இவ்வளவு பெட்ரோல்" என்று கேட்கிறவர். அவர் என் இடத்தை நினைவு வைத்திருக்கிறார் என்பதே இன்றுதான் எனக்குத் தெரியும்.

வரும் வழியில் கேட்டார்: "ஞாயிறு போட்டிக்கு என்ன பண்ணப்போற?" "வேடிக்கை பார்க்கப் போறேன்" என்றேன். "போனாப் போகுது விடு, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றார். சமாதானம் சொல்கிறார்!

மார்ச் 23, ஞாயிறு

ஒழுங்காக எழுத வேண்டும்.

வண்டிப் பரிசோதனையில் கிளப் செயலாளர் அம்மா படிவத்தை நீட்டினார். "வண்டி உரிமையாளர்" என்ற இடத்தில் கணவர் என்று எழுதினேன். "உரிமையாளர் சம்மதம்" என்ற கட்டத்தில் ஒரு டிக். கை கூசவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

அண்ணன் பின்கண்ணாடியில் இருந்த வாடகைக் கம்பெனி ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டார். "என்ன தங்கச்சி இது? ஒரு கீறல் விழுந்தாலும் உன் வீட்டுக்காரர்தானே மாட்டுவார்? அதுக்கு என்கிட்ட—"

"அண்ணா, இப்ப ஒண்ணும் பேசாதீங்க. ஓட்டணும்."

முதல் இரண்டு ஓட்டமும் சுத்தம். வாடகை வண்டி என்று பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டினேன். மூன்றாவதில், ஆனது ஆகட்டும் என்று கடைசித் திருப்பத்துக்கு முன் பிரேக்கைத் தாமதமாக அழுத்தினேன். வண்டி திரும்பவில்லை. நேராகப் போய் விளக்குக் கம்பத்தைச் சுற்றியிருந்த சிமெண்ட் கட்டையில் இடது முன்சக்கரம் மோதியது. அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். உள்ளே ஏதோ உடையும்போது வருவது.

அப்படியே பின்னால் எடுத்து ஓட்டத்தை முடித்தேன். ஏன் முடித்தேன்? தெரியவில்லை. முடித்தால்தானே பட்டியல்.

மூன்றாம் இடம். கைதட்டினார்கள். கையகலக் கேடயம் ஒன்று கொடுத்தார்கள். பம்பரின் மூலை கிழிந்து தொங்குகிறது, சக்கரத்தின் விளிம்பு நசுங்கியிருக்கிறது, ஸ்டியரிங்கைக் கோணலாகப் பிடித்தால்தான் வண்டி நேராகப் போகிறது. அப்படியே கோணலாகப் பிடித்துக்கொண்டு வீடு வந்தேன்.

இவர் வாசலுக்கு வந்து பார்த்தார். "என்ன ஆச்சு?"

"பார்க்கிங்ல கட்டையில ஏத்திட்டேன்."

பொய்யா? பார்க்கிங்தான். கட்டைதான். ஏற்றியதும் நான்தான்.

"உனக்கு ஒண்ணும் ஆகலயே?" என்று கேட்டார். அதைத்தான் முதலில் கேட்டார். பிறகு உள்ளே போய், மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, விபத்துப் படிவத்தை அழகான கையெழுத்தில் நிரப்பினார். "வாகனம் நிறுத்துமிடத்தில், மெதுவான வேகத்தில்." மெதுவான வேகத்தில் என்று நான் சொல்லவே இல்லை. அவராகச் சேர்த்தார். வேறு மாதிரி நடந்திருக்கும் என்று அவர் புத்தியில் படவே இல்லை.

கேடயம் கைப்பையில் இருக்கிறது. வெளியே எடுக்கவில்லை.

மார்ச் 24, திங்கள்

காலையில் முதல் ஆளாக ஒருவர் வலது கையைத் தாங்கிக்கொண்டு வந்தார். கூடவே மனைவி. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்றார். படம் எடுத்தேன். சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கும் எலும்பு, விரல் முட்டிக்குப் பக்கத்தில் முறிந்திருக்கிறது. வழுக்கி விழுந்து கையை ஊன்றினால் பெரும்பாலும் மணிக்கட்டில்தான் முறியும். இது சுவரைக் குத்தினால் வருவது. இருபது வருடமாகப் பார்க்கிறேன். அந்தப் பெண்ணும் என்னைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும். அவர் மட்டும் பாத்ரூம் தரை எவ்வளவு வழுக்கல் என்று விவரித்துக்கொண்டே இருந்தார்.

நசுங்கிய சக்கரத்தைப் பார்க்கிற வாடகைக் கம்பெனி ஆளுக்கு வேகம் தெரியாதா? எனக்கு எலும்பு மாதிரி, அவர்களுக்கு இரும்பு. பார்த்த நிமிஷமே கேட்பான்: மெதுவான வேகத்திலா சார்? கேட்கப்போவது என்னை இல்லை. கையெழுத்துப் போட்டவரை. வாழ்க்கையில் ஒரு மதிப்பெண்கூடத் தப்பாகக் கூட்டாத மனிதர் அங்கே நின்று முழிப்பார், என் பொய்யைத் தன் கையெழுத்தில் வைத்துக்கொண்டு.

பள்ளி இடைவேளை நேரத்துக்கு போன் செய்தேன்.

"அந்தப் படிவத்தைக் குடுத்துடாதீங்க."

"ஏன், ஏதாவது விட்டுப்போச்சா?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஒப்பந்தத்தைப் படித்ததையும் சொன்னேன். அந்தப் பக்கம் பிள்ளைகளின் இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேட்டார்: "பதினாலாவது நிபந்தனை உனக்குத் தெரியும். தெரிஞ்சும் என்னைக் கையெழுத்துப் போட வச்சே. அப்படித்தானே?"

"ஆமா."

"சரி. சாயங்காலம் வர்றேன்."

வந்தார். வாடகை அலுவலகத்தில் புதிதாக ஒரு படிவம் கேட்டு வாங்கி, பேனாவையும் என் முன்னால் வைத்தார். "நீ எழுது."

எழுதினேன். நேரப் போட்டியில், மூன்றாவது ஓட்டத்தில், அதிக வேகத்தில். அந்தப் பெண் தலைகீழாகவே வாசித்துவிட்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மேடம், இப்படி எழுதினா ஒண்ணுமே கிடைக்காதுங்க. பார்க்கிங்னு மட்டும் எழுதிடுங்க, எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க" என்றாள். நல்ல பெண். நிஜமாகவே எனக்கு உதவத்தான் பார்த்தாள். இவர் அந்தப் பிளாஸ்டிக் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன செய்கிறேன் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இருக்கட்டும்மா" என்று கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 25, செவ்வாய்

"கேஸ் தீர்ந்துடுச்சு." இன்று வீட்டில் பேசியது இவ்வளவுதான். அதையும் அடுப்பைப் பார்த்துச் சொன்னார்.

மார்ச் 27, வியாழன்

கம்பெனியிலிருந்து கடிதம். காப்பீடு செல்லாது. எதிர்பார்த்ததுதான். தொகையை இங்கே எழுதப் போவதில்லை, பார்க்கும்போதெல்லாம் வயிற்றெரிச்சல். ஏப்ரல் முழுக்க வார விடுமுறையிலும் வேலை செய்கிறேன் என்று தலைமை நர்ஸிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். நான் உடைத்ததை நான்தான் கட்டுவேன். அதில் இவர் சம்பளம் ஒரு காசு சேரக் கூடாது.

அது பெரிதில்லை. கடைசிப் பத்தி இருக்கிறதே: மேற்படி வாடிக்கையாளர் இருவருக்கும் இரண்டு வருடத்துக்கு வண்டி தரப்பட மாட்டாது. இவர் பெயரும் ஒரு பட்டியலில் ஏறிவிட்டது. நான் ஏற்றினேன்.

கடிதத்தை இரண்டு முறை வாசித்து, மடித்து, கோப்பில் வைத்தார். திட்டியிருக்கலாம். ஒரு தட்டையாவது போட்டு உடைத்திருக்கலாம். சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கிற ஆளாக இருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி முடித்திருப்பேன். இந்த மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மார்ச் 29, சனி

கிளப் செயலாளர் அம்மா வீட்டுக்கே போய்க் கேடயத்தைத் திருப்பிக் கொடுத்தேன். படிவத்தில் எழுதியது பொய், வாடகை வண்டி, கம்பெனியின் சம்மதம் இல்லை என்று சொன்னேன். அவர் விசில் ஊதியே பழகியவர். பேச்சும் விசில் மாதிரிதான். "யாராவது அந்தப் பக்கம் நின்னிருந்தா? அடிபட்டிருந்தா? கிளப்பையே இழுத்து மூடியிருப்பாங்க, தெரியுமா உனக்கு?" என்று பொரிந்து தள்ளினார். தலையைக் குனிந்து நின்றேன். அது எனக்குத் தோன்றவே இல்லை. சக்கரத்தைப் பற்றியும் கையெழுத்தைப் பற்றியும் யோசித்தவள், கம்பத்தின் பக்கத்தில் ஒரு ஆள் நின்றிருக்கலாம் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

ஐந்தாவது சுற்று ரத்து. வருடப் பட்டியலில் பெயர் இல்லை.

கதவு வரை வந்தபின் கூப்பிட்டார். "இங்க பாரு. அஞ்சு சுத்தும் முடிச்சாத்தான் புதுமுகம் இல்லைன்னு கணக்கு. நீ முடிக்கல. அடுத்த சீசனும் நீ புதுமுகம்தான். வர்றதா இருந்தா ஒழுங்கா வா."

பேருந்து நிறுத்தத்தில் நின்று அழுதேன். திட்டியதற்கு இல்லை.

ஏப்ரல் 2, புதன்

இன்று நடந்ததை அப்படியே எழுத வேண்டும்.

வேலை முடிந்து வந்தால், சாப்பாட்டு மேசையில் கிளப்பின் விதிப் புத்தகம். இவர் கண்ணாடி போட்டு, சிவப்புப் பேனாவை வைத்துக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்துவது போல வாசித்துக்கொண்டிருக்கிறார். எட்டு நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"நீ என் பேரை எதுக்காகப் பணயம் வச்சேன்னு தெரிஞ்சுக்கணும் இல்ல? அதான் படிக்கறேன். ஒன்பதாம் பக்கம் படிச்சியா நீ?"

"எந்த ஒன்பதாம் பக்கம்?"

புத்தகத்தைத் திருப்பி வைத்தார். சிவப்புக் கோடு. "ஒரே வண்டியை ஒரே நாளில் இரு போட்டியாளர்கள் ஓட்டலாம். வண்டியின் உரிமையாளர் எழுத்தில் சம்மதம் தர வேண்டும்."

எனக்குத் தலை சுற்றியது. ஒரு வண்டியில் இரண்டு பேர் மாறி மாறி ஓட்டுவதை எல்லாச் சுற்றிலும் பார்த்திருக்கிறேன்! அண்ணன் தம்பி போல, புருஷன் பெண்டாட்டி போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடமாக!

"ஆறு பக்க ஒப்பந்தத்தை எழுத்து விடாம படிச்சிருக்க. உன் கிளப் புத்தகத்தைப் படிக்கல" என்றார். "ஆம்புலன்ஸ்காரர்கிட்ட வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா முடிஞ்சுபோச்சு. இல்ல என்கிட்டயாவது சொல்லியிருந்தா, நான் இதைப் படிச்சிருப்பேன்."

"கேக்க வெக்கமா இருந்துச்சு."

"பொய் சொல்ல வெக்கமா இல்லையா?"

மன்னிச்சுடுங்க என்றேன். பத்து நாளாகத் தொண்டையிலேயே நின்றது, சின்னப் பிள்ளை மாதிரி விக்கிக்கொண்டு வெளியே வந்தது.

புத்தகத்தை மூடினார். "இன்னொரு தடவை என் கையெழுத்து வேணும்னா என்ன விஷயம்னு சொல்லு. வேண்டாம்னு நான் சொன்னாலும் சொல்லிட்டுச் செய்." பிறகு, "சாப்பிட்டியா?" என்றார்.

இன்னும் சரியாகிவிடவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் சாப்பிட்டாயா என்று கேட்டார்.

ஏப்ரல் 3, வியாழன்

அண்ணனிடம் கேட்டேன். கேட்பதற்குள் வியர்த்துவிட்டது. "அட, அன்னைக்கே அதைத்தானே சொல்ல வந்தேன், நீ எங்க பேச விட்ட? நான் ஓட்டி முடிச்சா வண்டி சும்மாதானே நிக்குது" என்றார். சம்மதக் கடிதத்தை ஆம்புலன்ஸ் பானட்டின் மேலேயே வைத்து எழுதிக் கொடுத்தார். அவருடைய காப்பீட்டுக் கம்பெனிக்கும் கிளப் போட்ட போட்டிக் காப்பீட்டுக்கும் என் பெயரைத் தெரிவிக்க வேண்டுமாம். செய்ய வேண்டியதை எல்லாம் வீட்டில் இவர் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்தார்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மூன்றாவது ஞாயிறாக எக்ஸ்ரே அறையில். முழங்கால் ஒன்பது, விலா நாலு, நாணயம் விழுங்கிய குழந்தை ஒன்று. நாணயம் நல்லபடியாகக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது.

மே 2, வெள்ளி

வாடகைக் கம்பெனி விவகாரம் தீர்ந்தது. ரசீதை இவரே கோப்பில் வைத்தார். என் வண்டியும் வந்துவிட்டது, ஆனால் புது கிளட்ச் பழகும் வரை போட்டிக்கு வேண்டாம் என்றார் மெக்கானிக். புது சீசனின் முதல் சுற்று அண்ணன் வண்டியில்தான்.

மே 17, சனி

"நாளைக்கு நானும் வரட்டுமா?" என்றார் இவர். இத்தனை நாளில் முதல் தடவை. "உங்க இஷ்டம்" என்றேன், ரொம்பச் சாதாரணமாக. உள்ளே போய்க் கண்ணாடியில் பார்த்தால் முகமெல்லாம் பல்.

மே 18, ஞாயிறு

போய் இறங்கியதுமே செயலாளர் அம்மா இவரைப் பிடித்துக்கொண்டார். நடுவர் ஒருவர் வரவில்லையாம். "நீங்க வாத்தியாரா? கண்ணு நல்லாத் தெரியுமில்ல? இந்தாங்க" என்று ஆரஞ்சுச் சட்டையையும் ஒரு சிவப்புக் கொடியையும் கையில் திணித்துவிட்டார். ஒவ்வொரு கூம்பைச் சுற்றியும் தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கும். இடித்த கூம்பு கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றால் தண்டம் இல்லை. முழுக்க வெளியே போனால் கொடி. இவர் அந்த விதித்தாளை இரண்டு முறை வாசித்துவிட்டு, நாலாவது திருப்பத்தில் போய் நின்றார்.

மூன்றாவது ஓட்டம்தான் என் வாழ்க்கையிலேயே நான் ஓட்டியதில் நல்ல ஓட்டம். அண்ணன் வண்டி சொன்ன பேச்சு கேட்கிறது. நாலாவது திருப்பத்தில் மட்டும் பின்பக்கம் லேசாக விலகி, ஒரு கூம்பை உரசியது. முடிவுக்கோட்டில் நிறுத்திக் கண்ணாடியில் பார்த்தேன். கூம்பு விழவில்லை, நின்றுகொண்டிருந்தது. இவர் அதன் பக்கத்தில் போய்க் குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடியும் குனிந்தார். அப்புறம் நிமிர்ந்து கொடியைத் தூக்கினார்.

இரண்டு வினாடி. இரண்டாம் இடத்திலிருந்து ஐந்தாம் இடம்.

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கட்டின பொண்டாட்டிக்கே கொடி தூக்கிட்டாரே உன் வாத்தியார்!" எனக்கு ஒரு நிமிடம் சுர்ரென்று கோபம் வந்தது. மறைப்பானேன், நிஜமாகவே வந்தது.

திரும்பும்போது இவர்தான் ஆரம்பித்தார். "அது கோட்டுக்கு வெளியே போயிடுச்சு. ஒரு விரல் அளவுதான். ஆனா வெளியே."

"தெரியும். உரசின சத்தம் கேட்டுச்சு."

பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மத்தவங்க கூம்பையெல்லாம் ஒரு தடவைதான் குனிஞ்சு பார்த்தேன். உன்னோடதை ரெண்டு தடவை பார்த்தேன். எங்கயாவது கோட்டைத் தொட்டுக்கிட்டு இருக்காதான்னு."

நான் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டே வந்தேன்.